நாற்பத்திரண்டாம் பக்கம்

கண்கட்டைப் பிரித்ததும் மாமனார் முதலில் கண்டது மின்விசிறியின் தூசியை.

"என்ன மாப்பிள்ளை, ஃபேனுக்கு மீசை முளைச்சிருக்கு" என்றார்.

பிறகு கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவர் நாட்காட்டியில் தேதியைப் படித்தார். ஜன்னல் வழியே எதிர் மாடியில் காயும் துணிகளை எண்ணினார். ஆறு வருடம் புகைக்குள் நடமாடிய மனிதர். புதிதாக வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்ப்பதுபோல வலது கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

அவன் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு இந்தப் பொண்ணு?"

வடிகட்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, அது..."

"தெரியுது, தெரியுது. மூக்கு அவ மூக்குதான். காதும் அவளோடதுதான். ஆனா இது என் பொண்ணு இல்லப்பா." அவர் இன்னும் நெருங்கி, பிறகு நான்கடி பின்னால் வந்து பார்த்தார். "கன்னத்துல இருக்குமே, அது எங்க?"

"வெளிச்சம் மாமா. சில வெளிச்சத்துல அது தெரியாது."

பொய். அந்தப் படத்தில் வெளிச்சத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தழும்பை எடுத்தவன் அவன். எடுத்து, மேலே தோல் பரப்பி, தோலுக்கு மெல்லிய நுண்துளைகள்கூட வைத்தவன்.

மாமனார் டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கே அவ எனக்கு ஒரு புகை மாதிரிதான் தெரிஞ்சா. ஆபரேஷன் பண்ணிக்கோப்பான்னு அவளும் தலைகீழா நின்னு பாத்தா. நாளைக்கு, அடுத்த மாசம்னு தள்ளிட்டேன். இப்ப கண்ணு வந்துடுச்சு. பாக்கிறதுக்கு அவ இல்ல."

பதினோரு மாதமாக அவனுக்குச் சொல்ல எதுவும் வருவதில்லை. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அன்றிலிருந்து வேலைக்குப் போனான், வந்தான், தட்டைக் கழுவினான். பார்க்கிறவர்கள் தைரியசாலி என்றார்கள். அவனும் மறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பெரியவ வந்து கூட்டிட்டுப் போயிடுவா" என்றார் மாமனார். "அதுக்குள்ள தழும்போட ஒரு படம் எடுத்துக் குடு. சின்ன வயசுப் படம் ஊர்ல இருக்கு. எனக்கு வளந்தவளைப் பாக்கணும். ஒரே ஒரு தடவை, ஒழுங்கா."

"தரேன் மாமா."

"உன் தொழிலே ஃபோட்டோதானே. உனக்கென்ன கஷ்டம்?"

அன்று திங்கட்கிழமை.

*

அவன் வேலை பார்த்தது பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வயது வரையிலான பெண்களுக்கான ஒரு மாத இதழில். எந்த நடிகை எந்தச் செருப்புப் போட்டாள், எந்தப் பாடகன் யாரோடு பேசுவதில்லை, குட்டையாக இருப்பவர்கள் எப்படிக் கோடு போட்ட சட்டை உடுத்த வேண்டும், இவைதான் அதில் இருக்கும். அவன் வேலை முகம். பரு, மச்சம், கருவளையம், உதட்டு வெடிப்பு, முந்தைய நாள் அழுத கண். எதுவாக இருந்தாலும் அவன் கைக்கு வந்தால் இருக்காது. அலுவலகத்தில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். "ரப்பர், எங்க மேனேஜரையும் கொஞ்சம் அழிச்சு விட்டுடேன்" என்று விளம்பரப் பிரிவில் வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலவே சிரிப்பார்கள்.

ஆசிரியை நல்ல மனுஷி. ஐம்பது வயது. வாயில் எப்போதும் பேனா மூடி. "காசு குடுத்து வாங்குறா. கண்ணாடியில பாக்குறதையே இங்கயும் எதுக்குப் பாக்கணும்?" என்பார். அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவன் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். படங்களுக்குக் கீழே வரும் வரிகளை எழுதுவது அவள் பொறுப்பு. வாசகிகள் கடிதப் பக்கத்தையும் அவள்தான் பார்த்தாள். ஒரு படத்துக்கு ரெண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. அதனால் அவள் பெயரே ரெண்டு வரி என்றாகிவிட்டது. ரப்பரும் ரெண்டு வரியும் கல்யாணம் செய்துகொண்டபோது, "பாத்தும்மா, எழுதுறதை எல்லாம் அழிச்சுடப் போறான்" என்று அவளிடம் சொல்லாதவர்கள் இல்லை.

கல்யாணப் படங்களை அவனே திருத்தினான். அது அவன் கொடுத்த பரிசு. முந்நூற்று நாற்பது படம், மூன்று வாரம். ஒவ்வொன்றிலும் அவள் கன்னத்துத் தழும்பைப் பொறுமையாக எடுத்தான். ஆல்பத்தைப் புரட்டி முடித்ததும் அவள் சொன்னாள்:

"எங்க அப்பா கையெழுத்தை அழிச்சுட்டியேடா."

அவளுக்கு ஐந்து வயதில் அப்பா அவளைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனார். வழியில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். அப்பா தலையைத் திருப்பினார். நின்றிருந்த லாரியின் பின்கொக்கி கன்னத்தில் கிழித்தது. நாலு தையல். அந்தக் கதையை அவள் அவனுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லும்போதெல்லாம் விரலால் தழும்பைத் தடவுவாள்.

அவன் அப்போது சிரித்தான். "அழகா இருக்கல்ல?" என்றான்.

"அழகா இருக்கு. ஆனா நான் எங்க?" என்றாள் அவள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

*

செவ்வாய் முழுக்கத் தேடினான். கல்யாணப் படங்களின் அசல் இல்லை. திருத்தியதைச் சேமித்து அசலை அழிப்பது அலுவலகப் பழக்கம். கணினியில் இடம் போதாது, குப்பை சேரக்கூடாது. அதே பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. கடற்கரையில் எடுத்தது, ரயிலில் தூங்கும்போது எடுத்தது, சமையலறையில் மாவுக் கையோடு முறைத்தது, எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து துடைத்துவைத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய கைபேசியைத் திறந்தான். இருநூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாம் அவளே எடுத்தவை. கைபேசிக்கே முகத்தை மெழுகும் வித்தை தெரியும். அது எப்போதும் போடப்பட்டே இருந்தது. அவளுக்கு அந்த வழக்கம் இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. எப்போது ஆரம்பித்தாள்? தேதிகளைப் பார்த்தான். கைபேசி வாங்கிய முதல் நாளிலிருந்தே. ரெண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. அதற்கு மேல் யோசிக்காமல் கைபேசியை மூடினான்.

தோழிகளிடம் கேட்டான். உடனே அனுப்பினார்கள், அழுதுகொண்டே. பன்னிரண்டு பேர் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கும் படங்கள். ஒருத்திக்கும் தோல் என்று ஒன்று இல்லை. பன்னிரண்டு பொம்மைகள்.

சரி, வரைந்துவிடலாம் என்று நினைத்தான். எடுக்கத் தெரிந்தவனுக்கு வைக்கத் தெரியாதா? புதன்கிழமை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். சுவரில் இருந்த அதே படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். திரை முழுக்க அவள் முகம்.

கை நின்றது.

எந்தக் கன்னம்?

கண்ணை மூடினான். அவள் முகம் வந்தது. தழும்போடுதான் வந்தது. வலப்பக்கம் இருந்தது. கண்ணைத் திறந்து மறுபடி மூடினான். இப்போது இடப்பக்கம் இருந்தது.

அதற்கும் காரணம் அவன் தொழில்தான். பத்திரிகைப் பக்கத்தில் ஒரு முகம் வெளியே பார்க்கக்கூடாது என்பது விதி. இடப்பக்கத்தில் இருப்பவள் வலப்புறம் பார்க்க வேண்டும், வலப்பக்கத்தில் இருப்பவள் இடப்புறம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகியின் கண் பக்கத்தைவிட்டு ஓடிவிடும் என்பார் ஆசிரியை. அதற்காகப் படத்தை அப்படியே இடவலம் மாற்றிப் போடுவார்கள். புதுச் சிகையலங்காரம், காதணி வரிசை, நகப்பூச்சு என்று பணம் மிச்சம் பிடிக்க அவளையே உட்காரவைத்து எடுத்த படங்கள் எத்தனையோ. அத்தனையையும் தேவைக்குத் தகுந்தபடி திருப்பியவன் அவன். மூன்று வருடத்தில் அவள் முகத்தை வீட்டில் பார்த்த நேரத்தைவிடத் திரையில் பார்த்த நேரம் அதிகம்.

கட்டிய மனைவிக்கு எந்தக் கன்னத்தில் தழும்பு என்று அவள் அப்பாவிடம் போய்க் கேட்க முடியுமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அன்று மாலை வீட்டில் மாமனாருக்குச் சொட்டு மருந்து விட்டான். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மருந்து கண்ணுக்குத்தான் என்றாலும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"கிடைச்சுதா மாப்பிள்ளை?"

"தேடிட்டிருக்கேன் மாமா. கண்ணை மூடுங்க."

"மூடி மூடித்தான் ஆறு வருஷம் போச்சு" என்றார்.

*

முன்-பின் பகுதி அவனுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வது சரியில்லை. அது அங்கேதான் இருந்தது. அவன்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தான்.

ரெண்டு வருடத்துக்கு முன் ஆசிரியைக்கு ஒரு யோசனை. ஒரு சாதாரணப் பெண், அலங்காரத்துக்கு முன், அலங்காரத்துக்குப் பின். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வரவேண்டிய கல்லூரிப் பெண் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாள். அச்சுக்கு ரெண்டு நாள். ஆசிரியை அவன் மனைவியைப் பார்த்தார்.

"நீ உக்காரேன்மா. தழும்பு வேற இருக்கு. மாத்தம் நல்லாத் தெரியும்."

அவள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

அவனுடைய அசல் பாவம் அந்த இதழில்தான் இருந்தது. முன் படத்தில் தழும்பை எடுக்கவேண்டாம், இருக்கட்டும் என்றார் ஆசிரியை. இருந்தால் போதாது, கொஞ்சம் தெரியட்டும் என்றார். அவன் தெரியவைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் போய்க் கேட்டான்.

"முன் படத்தோட அசலா? அதெல்லாம் நீதானேப்பா அழிச்சே" என்றார் ஆசிரியை. பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "எதுக்கு இப்போ?"

"அவங்க அப்பா கேக்குறாரு. தழும்போட."

ஆசிரியை மூடியை மேசையில் வைத்தார். "பின் படம் அழகா வந்திருக்குமே. நாப்பத்திமூணாம் பக்கம். பெருசாப் போட்டு, நம்ம செலவுலயே சட்டம் அடிச்சுத் தரச் சொல்றேன்."

"அது வேண்டாம் மேடம்."

"சரி. கிடங்குல போய்ப் பாரு. அந்த இதழ் நல்லா வித்துது. ஒண்ணாவது இருக்கும்."

கிடங்கு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கிடங்குக்காரர் பழைய இதழ்கட்டின்மேல் உட்கார்ந்து பழைய இதழ் ஒன்றில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன வருஷ ராசிபலனா?"

"அதுக்கு முந்தின வருஷம். எது பலிச்சுது, எது பலிக்கலன்னு இப்பதானே தெரியும்?" என்று எழுந்தார். "என்ன வேணும் ரப்பர்?"

சொன்னான். அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"அந்த இதழா! கடிதாசி மூட்டை மூட்டையா வந்துச்சே. எல்லாப் பொண்ணும் ஒரே கேள்வி. தழும்பு போக எந்தக் க்ரீம் போட்டீங்க அக்கான்னு. நான்தான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன் நம்ம ரெண்டு..." வாயை மூடிக்கொண்டார். கட்டைப் பிரிக்கப் போனார்.

அவனுக்கு அந்த மூட்டை ஞாபகம் இருந்தது. அவள் அதைத் தரையில் கொட்டி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருத்திக்கு நெற்றியில் தீக்காயம். ஒருத்திக்கு உதட்டில் தையல். ஒருத்தி தன் பள்ளிக்கூடப் பையன்கள் வைத்த பட்டப்பெயரை எழுதி, அதை அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருந்தாள். அடுத்த இதழின் கடிதப் பக்கத்துக்கு அவள் பதில் எழுதிக்கொடுத்தாள். எந்தக் க்ரீமும் இல்லை தங்கச்சி, தழும்பு இன்னும் என் கன்னத்தில்தான் இருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் படத்தில் மட்டும் எடுத்துவிட்டார். ஆசிரியை படித்தார், சிரித்தார், குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் நாலு வரி இடம் காலியாக நின்றது. அந்த இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி வைத்து நிரப்பினான் அவன்.

"ஏண்டா, நீயாவது சொல்லியிருக்கலாமே" என்று அன்று அவள் வீட்டில் கேட்டாள்.

"சின்ன விஷயம், விடு" என்றான்.

விட்டுவிட்டாள். அந்த வாரம் பழைய கைபேசியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினாள்.

"இந்தா" என்று கிடங்குக்காரர் இதழை நீட்டினார். அட்டையில் ஒரு நடிகை பல்வரிசை காட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. "நீயே வெச்சுக்கப்பா. எழுதிக் குடுக்கறதெல்லாம் வேண்டாம்."

*

பேருந்தில் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாமனார் குளிக்கப் போனதும் திறந்தான்.

நாற்பத்திரண்டு. அவள் இருந்தாள். எண்ணெய் வடிந்த முகம், அவன் பூசியது. கண்ணுக்குக் கீழே கருமை, அவன் வைத்தது. மங்கலாக ஏதாவது உடுத்திக்கொண்டு வா என்று ஆசிரியை சொன்னதால் அவள் அன்று அவனுடைய பழைய சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தழும்பு வலது கன்னத்தில் இருந்தது. அவன் மூச்சு விட்டான். வலது. சரி, வலது.

அப்புறம்தான் சட்டைப் பையைக் கண்டான். பையும் வலது மார்பில் இருந்தது.

அலமாரியைத் திறந்தான். அவன் துணிகள் ஒரு பக்கம், அவள் துணிகள் ஒரு பக்கம். சாம்பல் சட்டை அவள் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. அதை அவள் வைத்துக்கொண்டது அவனுக்குத் தெரியாது. எடுத்துக் கட்டிலில் விரித்தான். பை இடது மார்பில் இருந்தது. எல்லாச் சட்டையிலும் அங்கேதான் இருக்கும். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருப்பவள் வலப்புறம் பார்க்கவேண்டும் என்பதற்காக அவன் அவளைத் திருப்பிப் போட்டிருக்கிறான். பை இருக்கும் பக்கம்தான் தழும்பும்.

இடது கன்னம்.

கட்டிலில் உட்கார்ந்தான். சட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பதினோரு மாதமாக வராதது ஏதோ வரப்போகிறது என்று தோன்றியது. வரவில்லை. குளியலறையில் மாமனார் பக்கெட்டை உருட்டும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. காவலாளியிடம் சொல்லி உள்ளே போனான். பக்கத்தைக் கணினியில் ஏற்றி, கீழே இருந்த வரிகளை வெட்டிவிட்டு, படத்தை நேராகத் திருப்பினான். எண்ணெயைத் துடைத்தான். கருவளையத்தை எடுத்தான். அதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தழும்புக்கு வந்தான். அதன்மேல் தான் ஏற்றிய கருப்பைக் குறைக்கப் பார்த்தான். எவ்வளவு ஏற்றினோம்? தெரியவில்லை. குறைத்தால் வேறொருத்தி ஆனாள். கூட்டினால் இன்னொருத்தி. ஆறு விதமாகச் செய்துவைத்து ஆறையும் பார்த்தான். ஒன்றுகூட அவளுடையது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் தழும்பை மட்டும் தொடாமல் அச்சில் வந்தபடியே விட்டான். பெரிய தாளில் எடுத்தான்.

உதட்டையும் அவன் தொடவில்லை. அதைப் பற்றி அப்போது நினைக்கவே இல்லை.

*

ஞாயிறு காலை மாமனார் பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டார். பெரிய மகள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவன் தாளை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தான். இல்லை.

மாமனார் தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். புதுக்கண்ணுக்குத் தூரம் பளிச்சென்றிருந்தது. கிட்டத்துக்குக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான்.

வெகுநேரம் பார்த்தார்.

"இவதான்" என்றார். "வந்துட்டா."

கட்டைவிரலை அவள் இடது கன்னத்தில் வைத்தார். பக்கம் சரி.

"கொஞ்சம் கருப்பாத் தெரியுதோ?"

"அச்சுல அப்படி வந்துடுச்சு மாமா."

"பரவால்ல. இருக்குல்ல. அது போதும்." இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஏன் இப்படி உம்முனு இருக்கா? கேமராவைக் கண்டா முப்பத்திரண்டு பல்லையும் காட்டுவாளே. திட்டினியா?"

அவன் வாசலருகே இருந்த பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினான்.

"எப்ப எடுத்தது இது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க பத்திரிகைக்கு."

"பத்திரிகையில வந்துச்சா? என்கிட்ட யாருமே சொல்லலியே! எடு, எடு, அதைக் காட்டு."

கட்டிலுக்கடியில் தள்ளியிருந்த இதழை எடுத்துவந்தான். எடுக்காமலும் இருந்திருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்ல ஒரு நொடி போதும். கால்தான் போய் எடுத்து வந்துவிட்டது. மாமனார் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டத்தில் கொண்டுவந்து, மறுபடி தள்ளினார்.

"கீழ என்னமோ எழுதியிருக்கே. பொடி எழுத்து, தெரியல. படி."

"சும்மா, படத்துக்குப் போடுற வரி மாமா."

"அதான் படின்றேன்."

அந்த வரிகளை மாற்றிப் படிப்பது பெரிய காரியமில்லை. நம் அலுவலகத்தின் செல்லப்பிள்ளை என்று படித்தால் மாமனார் அதை ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லுவார். வாழ்க்கை முழுக்க அவன் செய்தது அதைத்தானே. வாய்வரை வந்துவிட்டது.

இதழை வாங்கிக்கொண்டான். உள்ளபடியே படித்தான்.

"முன்: சோர்ந்த கண்கள், எண்ணெய் வடியும் முகம். கன்னத்தில் மறைக்க முடியாத தழும்பு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எவன் எழுதினான் இதை?" என்றார் மாமனார். குரல் ஏறவில்லை.

"அவதான் மாமா."

"எவ?"

"அவளேதான். வரி எழுதுறது அவ வேலை."

மாமனார் வாய் லேசாகத் திறந்தது, சொட்டு மருந்துக்குத் திறப்பதுபோல. பிறகு மூடிக்கொண்டது.

"வேற எதுவுமே எழுதலியா அவ? தன்னைப் பத்தி இவ்வளவுதானா?"

"இன்னொரு வரி இருந்துச்சு."

"எங்க?"

"நான் எடுக்கச் சொல்லிட்டேன்."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. பதினோரு மாதத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. படம் எடுக்கும்போது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை மாமா என்றான். எத்தனை தடவை எடுத்தும் ஓரத்தில் வந்துவிட்டது. சிரித்தால் முன் படம் முன் படமாக இருக்காது. அதனால் நான்தான் உதட்டின் ரெண்டு முனையையும் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன். கணினியில் அதற்கு ஒரு கருவி இருக்கிறது. தழும்பைக் கருப்பாக்கியதும் நான்தான். அச்சு இல்லை. சுவரில் இருக்கும் படத்தில் தழும்பை எடுத்ததும் நான். வெளிச்சம் இல்லை. எல்லாப் படத்திலும் எடுத்துவிட்டேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. எந்தக் கன்னம் என்றுகூட எனக்கு மறந்துவிட்டது மாமா. சட்டைப் பையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மாமனார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டு பிரித்த பிறகு அவனை இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்த வரி என்ன?"

அவனுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே இருந்தது. திரையில் அவள் கன்னம், மூன்றடி அகலத்துக்கு. அதன் நடுவில் தழும்பு, ஒரு வாய்க்கால்போல. முதுகுக்குப் பின்னால் அடுத்த மேசையில் அவள். எழுதிய மூன்று வரியையும் சத்தமாகப் படித்துவிட்டு, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள். அவன் உதட்டு முனையை இழுத்துக்கொண்டிருந்தான். "மூணு வரி வருது. ரெண்டாக்கு. சிரிப்பைத்தான் நான் எடுத்துட்டேனே, அந்த வரியையும் எடுத்துடு" என்றான். பின்னால் விசைப்பலகையில் ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"சிரிப்பு மட்டும் அப்பா மாதிரி" என்றான் அவன். "அதுதான் அந்த வரி."

மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுன்னு சொன்னப்ப அவ முகம் எப்படி இருந்துச்சு? கோவமா? சிரிச்சாளா?"

"தெரியல மாமா."

"பக்கத்துலதானே இருந்தே?"

"பின்னால இருந்தா. நான் திரும்பிப் பாக்கல."

தெருவில் ஒரு கார் வந்து நின்றது. பெரிய மகளாக இருக்கும். கதவு அடைபடும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்துகொள்ளவில்லை. சைக்கிளில் தலையைத் திருப்பிய மனிதர் அவர். திரும்பிப் பார்க்காதவனிடம் என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லைபோலும். பெரிய தாளை மடியில் வைத்துக்கொண்டார். இதழை மட்டும் மறுபடி அவன் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவை படி" என்றார். "மூணையும் சேத்து."

படித்தான்.